கை காட்டி விட்டவருக்கு நன்றி சொல்வது எப்படி?

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் லேபிள் பிரிண்டிங் செய்கிற ஓர் அண்ணன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஏனுங்க தம்பி, மங்கலம் ரோட்டுல ஒரு கம்பெனிக்கு உங்க நம்பரக் குடுத்தேனே, கூப்பிட்டாங்களா?"

கூப்பிட்டிருந்தார்கள். நான்கு மாதமாக அந்தக் கம்பெனிக்கு மாதம் 5,000 அட்டைப்பெட்டி போய்க்கொண்டிருந்தது. "ஆமாங்கண்ணா, நல்லா ஓடிட்டு இருக்குதுங்க" என்றேன். "அப்படீங்களா, நல்லதுங்க" என்றவர் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். பாயசம் வரும்வரை வேறு பேச்சு இல்லை. ஏழு வருடம் ஆகிவிட்டது. வழியில் பார்த்தால் இன்றைக்கும் நின்று பேசுவார், பிள்ளைகளை விசாரிப்பார். இன்னொரு பார்ட்டியை மட்டும் அவர் எனக்கு அனுப்பவே இல்லை.

திருப்பூரில் பதினெட்டு வருடமாக அட்டைப்பெட்டி செய்கிறேன். விளம்பரம் பார்த்து வந்த வாடிக்கையாளர் எனக்குக் குறைவு. நிட்டிங்காரர் டையிங்காரரைச் சொல்வார், டையிங்காரர் காம்பாக்டிங்கைச் சொல்வார், எம்ப்ராய்டரிக்காரர் என்னைச் சொல்வார். ஊரே அப்படித்தான் ஓடுகிறது. மேடையில் 'ரெஃபரல்' என்கிறார்கள். நாங்கள் 'கை காட்டி விடறது' என்போம். அப்படிக் கை காட்டுகிறவர் வெறும் போன் நம்பரைக் கொடுப்பதில்லை, தன் பேரையும் சேர்த்துக் கொடுக்கிறார். என் பெட்டி ஈரத்தில் இளகி கன்டெய்னருக்குள் அடுக்கு சரிந்தால், "யாருங்க அந்த ஆளை அனுப்பினது?" என்று அவரைத்தான் கேட்பார்கள். பேரைக் கொடுத்தவருக்கு அந்தப் பேர் என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும். நன்றியில் முக்கால்வாசி இந்தத் தகவலைச் சொல்வதுதான் என்பதை அந்தப் பந்தியில்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கிற முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

யார் அனுப்பினார் என்று முதல் போனிலேயே கேளுங்கள்

புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தால், அளவு, பிளை, ரேட் எல்லாம் பேசி முடித்ததும் ஒரு கேள்வி: "நம்ம நம்பர் யாருங்க குடுத்தாங்க?" சிலர் "தெரிஞ்சவங்க சொன்னாங்க" என்று மழுப்புவார்கள். விடாதீர்கள். "பேரு சொன்னீங்கன்னா அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிருவேனுங்க" என்றால் சொல்லிவிடுவார்கள். சில நேரம் சங்கிலியாக இருக்கும். கம்பெனி மேனேஜருக்குச் சொன்னது கட்டிங் மாஸ்டர், கட்டிங் மாஸ்டருக்குச் சொன்னது பாலி பேக் கடைக்காரர் என்று போகும். இரண்டு பேரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பது நோட்டில். நம் கல்யாணங்களில் மண்டப வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுகிறவரைப் பாருங்கள். பேர், ஊர், தொகை மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதுவார். இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பத்தில் விசேஷம் என்றால் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். "எல்லாம் ஞாபகம் இருக்கும், எழுத வேண்டாம்" என்று யாரும் சொல்வதில்லை. தொழிலில் மட்டும் ஏன் ஞாபகத்தை நம்ப வேண்டும்? என் நோட்டில் ஆறு கட்டம்: தேதி, வந்த பார்ட்டி, கை காட்டியவர், அன்றே சொன்னேனா, என்ன ஆயிற்று, முடிவைச் சொன்னேனா. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரி கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல்தான் நோட்டின் பயன்.

அன்று மாலைக்குள் ஒரு போன்

ஆர்டர் உறுதியாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவதுதான் நம்மில் பலர் செய்கிற தவறு. நானும் நான்கு மாதம் தள்ளியது அப்படித்தான். ஆர்டர் வந்ததும் பேப்பர் வாங்க அலைச்சல், பிறகு டெலிவரி, பிறகு பேமென்ட். சொல்ல வேண்டிய நாள் தாண்டியதும் கூச்சம் வந்துவிடும். "இப்பப் போயி எப்படிச் சொல்றது" என்று இன்னும் ஒரு மாதம் போகும்.

அதனால் அழைப்பு வந்த அன்றே, புதுப் பார்ட்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே, கை காட்டியவரைக் கூப்பிடுங்கள். நான் பேசுவது இவ்வளவுதான்: "அண்ணா வணக்கங்க. நீங்க சொன்னீங்கன்னு காங்கேயம் ரோட்டுல இருந்து கூப்பிட்டாங்க. வியாழக்கிழமை சாம்பிள் எடுத்துட்டுப் போறேனுங்க. நெனச்சு நம்ம பேரச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க." யார் கூப்பிட்டது, நான் என்ன செய்யப் போகிறேன், நன்றி. மூன்றும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "உங்க உதவிய உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்" என்றெல்லாம் போகாதீர்கள். சொல்கிறவருக்கு எப்படியோ, கேட்கிறவருக்குச் சங்கடம். அதே போனில் "வேற யாராச்சும் இருந்தாலும் சொல்லி விடுங்க" என்று கேட்கவும் வேண்டாம். நன்றி சொல்லக் கூப்பிட்டோமா, மறுபடி உதவி கேட்கக் கூப்பிட்டோமா என்ற குழப்பம் அவருக்கு வந்துவிடும்.

இந்த போனால் எனக்குக் கிடைத்த ஒரு லாபத்தைச் சொல்ல வேண்டும். ஒருமுறை இப்படிக் கூப்பிட்டபோது, கை காட்டிய அண்ணன் சொன்னார்: "தம்பி, அவங்க பின் அடிச்ச பெட்டி எடுக்க மாட்டாங்க. ஒட்டின பெட்டியாக் கொண்டு போங்க." வெளிநாட்டு பையர்களில் பலர் துணிப் பெட்டியில் இரும்புப் பின் இருக்கக்கூடாது என்பார்கள். துணிக்குள் ஊசி முனை தங்கியிருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரில் சோதிக்கிற இடத்தில் பின் தொல்லை கொடுக்கும். நான் வண்டியில் எடுத்து வைத்திருந்தது பின் அடித்த சாம்பிள். அந்த போன் போடாமல் போயிருந்தால் முதல் சந்திப்பே வீணாகியிருக்கும்.

வேலை நடக்கும்போது

வேலையை ஒழுங்காகச் செய்து கொடுப்பதுதான் பெரிய நன்றி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லா வேலையும் ஒழுங்காக முடிவதில்லை. கோளாறு வரும்போது என்ன செய்கிறோம் என்பதைத்தான் பேச வேண்டும்.

ஓர் ஐப்பசி மழையில் இது நடந்தது. விடாமல் நான்கு நாள் தூறல். கரகேட்டட் அட்டை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஒட்டிய பசை காயவில்லை. விரலால் அழுத்தினால் ஐந்து பிளை அட்டை அப்பளம் நமுத்தது போல் உள்ளே போனது. அதை அனுப்ப மனசு வரவில்லை. கம்பெனிக்கு போன் போட்டு இரண்டு நாள் தாமதமாகும், தப்பு என்னுடையதுதான் என்றேன். அடுத்த போன், என்னை அங்கே அனுப்பிய எம்ப்ராய்டரி அண்ணனுக்கு. "அண்ணா, உங்க பார்ட்டிக்கு ரெண்டு நாள் லேட்டாகுதுங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்ட கேட்டாங்கன்னா தெரிஞ்சிருக்கட்டும்னு கூப்பிட்டேனுங்க." எதிர்பார்த்தபடியே சாயங்காலம் கம்பெனிக்காரர் கோபமாக அவரைக் கூப்பிட்டிருக்கிறார். "ஆமாங்க, எங்கிட்டயும் காலையிலயே சொன்னாப்டி. நமுத்த பெட்டியக் குடுக்க வேண்டாம்னுதான் நிறுத்தி வெச்சிருக்காப்டி" என்று அவரால் பதில் சொல்ல முடிந்தது. அந்தக் கம்பெனி இன்றும் என்னிடம்தான் பெட்டி வாங்குகிறது.

கை காட்டியவருக்கு நிலவரம் சொல்லலாம். வாடிக்கையாளரின் ரேட், பேமென்ட் எத்தனை நாளில் வருகிறது, எந்த பையருக்கு ஏற்றுமதி போன்றவற்றை மட்டும் சொல்லவே கூடாது. அவர் அதே தொழில் வட்டத்தில் இருப்பவர், தகவல் எங்கும் போகும்.

ஆர்டர் வராவிட்டாலும் சொல்லுங்கள்

சாம்பிள் பிடித்திருந்தது, ரேட் ஒத்துவரவில்லை, போய்விட்டது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். ஆர்டரே வரவில்லை, எதற்கு நன்றி என்ற கணக்கு. அவர் செய்த உதவி, பேரைச் சொன்ன அன்றைக்கே முடிந்துவிட்டது. நமக்கு ஆர்டர் வந்ததா இல்லையா என்பது அவர் கையில் இல்லை.

"ரேட் ஒத்து வரலீங்கண்ணா. ஆனா சாம்பிள நல்லாப் பார்த்தாங்க, மரியாதையாப் பேசினாங்க. நீங்க சொன்னதுக்கு நன்றிங்க." இது போதும். பார்ட்டியைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் இவருக்கு மச்சானாகவோ பங்காளியாகவோ இருப்பார்கள். நமக்குப் பொருந்தாத வேலையாக இருந்தால் அதையும் பக்குவமாகச் சொல்லலாம்: "அவங்களுக்கு வேண்டியது கலர் பிரிண்ட் போட்ட சின்னப் பெட்டிங்க. நமக்கு அந்த மெஷின் இல்ல. நமக்கு எக்ஸ்போர்ட் மாஸ்டர் கார்ட்டன்தான் ஓடும்." அடுத்த முறை யாரை அனுப்பலாம் என்று அவருக்குத் தெளிவாகிவிடும். எனக்கு இன்றைக்கு இருக்கிற நல்ல பார்ட்டிகளில் இரண்டு, இப்படிக் கைகூடாத ஒன்றைப் பற்றி போனில் சொன்னதற்குப் பிறகு வந்தவை.

முதல் பேமென்ட் வந்ததும் நேரில் போங்கள்

போனில் சொல்லியாகிவிட்டது. பணமும் வந்துவிட்டது. இப்போது ஒருமுறை நேரில் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். திருப்பூரில் சனிக்கிழமை போகாதீர்கள். அன்று சம்பள நாள், கம்பெனிக்காரர் பணத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார். வாரநாளில் சாயங்கால டீ நேரம் நல்லது.

வெளியூர்க்காரராக இருந்தால் கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை படத்தை அனுப்புவதைவிடக் கையால் எழுதிய நான்கு வரி நெடுநாள் மேஜையில் இருக்கும். நான் ஒருவருக்கு எழுதியது: "அன்புள்ள அண்ணா, சென்ற சித்திரையில் நீங்கள் அறிமுகம் செய்த ஈரோடு கம்பெனிக்கு இந்த வாரம் மூன்றாவது லோடு போயிற்று. முதல் நாள் என்னைப் பார்த்ததும், 'அவரே சொன்னார்னா சரிதான்' என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அந்த வார்த்தைக்காகவே வேலையை இன்னும் கவனமாகச் செய்தேன். நன்றி." கவனித்துப் பாருங்கள். இதில் தொகை இல்லை. எந்த அறிமுகம், என்ன நடந்தது, அவர் பேர் எப்படி வேலை செய்தது என்ற மூன்றும் இருக்கின்றன. யாருக்கும் அனுப்பலாம் என்ற மாதிரி ஒரு நன்றிக் கடிதம் எழுதினால், யாருக்கோ எழுதியது போலத்தான் இருக்கும்.

தொழில்முனைவோர் குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. அமைப்பு இன்று நம் ஊர்களிலும் நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாரா வாரம் கூட்டம். ஒருவர் அனுப்பிய தொடர்பால் வியாபாரம் முடிந்தால், இத்தனை ரூபாய் என்று குறித்து அவருக்கு நன்றி தெரிவிக்கிற முறை அங்கே உண்டு. எல்லார் முன்னாலும் பேரைச் சொல்லுகிற அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். அதோடு நிறுத்திவிடுவதுதான் குறை. தொகையைக் கேட்டுக் கை தட்டுவார்கள், அடுத்த வாரம் வேறு தொகை வரும். எழுந்து நிற்கும்போது தொகைக்குப் பக்கத்தில் அவர் என்ன செய்தார் என்றும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "நான் கேட்காமலே அவரே என்னைக் கூட்டிட்டுப் போயி அறிமுகம் செஞ்சு வெச்சாருங்க."

பொதுவில் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்டுவிட வேண்டும். ஒரு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒருவருக்கு நன்றி போட்டேன். அவருடைய சொந்தக்காரரும் பெட்டித் தொழில்தான், அதே குழுவில் இருந்தார். "நம்ம பையன் இருக்கும்போது அவனுக்கு எதுக்குக் குடுத்தீங்க?" என்று வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. எனக்கு உதவியதற்கு அவருக்குக் கிடைத்தது அதுதான். அன்றிலிருந்து கேட்காமல் எதையும் போடுவதில்லை.

பரிசா, கமிஷனா?

பரிசு கொடுப்பதானால் சிறியதாக, அவருக்கென்று யோசித்ததாக இருக்கட்டும். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் இதற்கு ஆகாது. அன்று அவர் மேஜையில் இருபது பெட்டி அடுக்கியிருக்கும், எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. ஆயுத பூஜைக்குக் கொடுக்கும் பொரி கடலையும் எல்லாருக்கும் கொடுப்பதுதான். எனக்கு மூன்று பார்ட்டிகளை அனுப்பிய ஓர் அக்கா வீடு மாற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல கெட்டியான ஏழு பிளைப் பெட்டி முப்பது, ஒட்டு டேப் நான்கு உருளை, எழுத ஒரு மார்க்கர் எல்லாம் டெம்போவில் அனுப்பினேன். 'சமையல் பாத்திரம்', 'பசங்க புக்கு', 'சாமி ரூம்' என்று பெட்டிமேல் எழுதியும் கொடுத்தேன். செலவு பெரிதில்லை. "வேற எத மறந்தாலும் அந்தப் பொட்டிங்கள மறக்க மாட்டேன் தம்பி" என்று இப்போதும் சொல்வார். உங்கள் தொழிலில் உங்களால் எளிதாகத் தர முடிந்த, அவருக்கு அந்த நேரத்தில் தேவையான ஒன்று கட்டாயம் இருக்கும்.

இனி கவனமாக இருக்க வேண்டிய இடம். கை காட்டியவர் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவரா? தன் கம்பெனிக்கே உங்களைச் சொன்ன மெர்ச்சண்டைசருக்கோ பர்ச்சேஸ் மேனேஜருக்கோ கவர் கொடுத்தால், அதற்கு நன்றி என்று பேர் கிடையாது. அவருக்கு வேலை போகும், உங்களுக்குப் பேர் போகும். வெளிநாட்டு பையர்களோடு வேலை செய்கிற கம்பெனிகள் பல, சப்ளையரிடம் எதையும் வாங்கக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கின்றன. அவருடைய முதலாளி முன்னால், "இவர் நெனப்பு வெச்சு சொன்னதாலதாங்க வந்தேன்" என்று சொல்லுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிதாக நீங்கள் எதுவும் தர முடியாது.

சில தொழில்களில் விதியே தடுக்கிறது. நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர்கள் கமிஷனோ பரிசோ கொடுப்பதையும் வாங்குவதையும் இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. ஆடிட்டர்கள் தங்கள் தொழில் வருமானத்திலிருந்து வெளியாளுக்குக் கமிஷன் கொடுப்பது 1949-ம் ஆண்டு பட்டயக் கணக்காளர்கள் சட்டப்படி தொழில்முறைத் தவறு. வக்கீல்கள் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதை இந்திய பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. நீங்கள் இந்தத் தொழில்களில் ஒன்றில் இருந்தால் நன்றியை வார்த்தையோடு நிறுத்துங்கள்.

மற்றத் தொழில்களில் கமிஷன் பேசிக்கொள்வது தப்பில்லை. முன்கூட்டியே பேசி, பில்லோடு, கணக்கில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். கமிஷனுக்குப் பிடிக்கும் டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் தாண்டினால் பிடிக்க வேண்டும் என்ற வரம்பு 2025 ஏப்ரலில் வந்தது, அதற்கு முன் 15,000. தொழில் தொடர்பாகக் கொடுக்கும் பரிசும் சலுகையும் ஆண்டுக்கு 20,000 தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கும் முறை 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. பரிசாகக் கொடுத்த பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை வரவு எடுக்க முடியாது. சிறு தொழில்களுக்கு விலக்குகளும் உண்டு, உங்கள் நிலையை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயம் வேண்டுமானால், நட்பாகக் கை காட்டியவருக்குப் பணம் நீட்டாதீர்கள். தானாகச் செய்ததற்கு நாம் விலை போட்டால் அவர் மனசு சுருங்கும். அந்தப் பார்ட்டிக்குத் தெரியவந்தால், "ஓ, காசுக்குத்தான் உங்களச் சொன்னாரா" என்று இருவர் பேச்சுமே மதிப்பிழக்கும்.

நீங்களும் கை காட்டுங்கள்

அவர் அனுப்பிய ஒன்றுக்கு நாம் ஒன்று என்று தராசு பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு எப்படிப்பட்ட வேலை பொருந்தும் என்று தெரிந்து வைத்திருப்பது நம் கடமை. நேரில் போன அன்றே கேட்டுவிடுங்கள்: "உங்களுக்கு எந்த மாதிரி பார்ட்டி வந்தா நல்லதுங்க?" பலரிடம் இதை யாருமே கேட்டதில்லை, யோசித்துத்தான் சொல்வார்கள். சொன்னதை நோட்டில் அவர் பேருக்குக் கீழே எழுதுங்கள்.

அவருடைய வேலையை நம்பினால் மட்டும் சொல்லுங்கள். நன்றிக்கடனுக்காகச் சுமாரான ஆளைச் சொல்லிவிட்டால், உங்கள் பேச்சைக் கேட்டு வந்தவருக்குச் செய்கிற துரோகம் அது. சொல்ல வழியில்லாத நிலையில் அவருக்கு வேறு விதத்தில் உதவ ஆயிரம் வழி இருக்கிறது.

ஓர் ஆர்டரோடு இது முடிவதுமில்லை. அவர் அனுப்பிய கம்பெனி, இன்னொரு கம்பெனியை உங்களிடம் அனுப்பினால், முதலில் விதை போட்டவருக்கும் சொல்லுங்கள். "நீங்க சொன்ன இடத்துல இருந்து இப்ப இன்னொருத்தர் வந்திருக்காருங்க" என்று கேட்கும்போது போனுக்கு அந்தப் பக்கம் குரல் மாறுவது தெரியும். வருடம் திரும்பும்போது அந்த ஆர்டர் இன்னும் ஓடுகிறது என்றால் அதையும் சொல்லலாம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பில் புத்தகத்தை எடுங்கள். கடைசியாக வந்த மூன்று புது வாடிக்கையாளர்களைப் பாருங்கள். அவர்களை அனுப்பியது யார், அவருக்கு நீங்கள் சொன்னீர்களா? சொல்லாமல் எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் கூச்சப்படாமல் இன்றைக்கே கூப்பிடுங்கள். "முன்னாடியே சொல்லியிருக்கணுங்க, விட்டுப் போச்சு" என்று ஆரம்பித்தால் போதும்.